ஓர் எறிவீரரின் ஆசிரிய வாழ்வு

வல்லவரெல்லாம் நல்லாசிரியர் ஆவதில்லை என்பது கல்விச்சாலையில் பழகிய எவரும் அறிந்த உண்மை. தமக்கு எளிதிற் கைவந்த ஒன்று பிறர்க்கு ஏன் வரவில்லை என்பது பெருந்திறல் படைத்தோர் பலர்க்கு விளங்குவதேயில்லை. ஆயின், கைவந்த திறலை இளமையிலேயே இழந்து, அவ்விழப்போடு வாழப் பழகிய ஒருவர் ஆசிரியராக வந்தால், அவரிடம் மாணவர் பெறுவது வேறொரு வகைக் கல்வி. அத்தகையார் ஒருவரைப் பற்றி இங்கே சில கூற விரும்புகின்றோம். அவர் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தில் இருபது ஆண்டுகள் பேஸ்பால் ஆட்டம் பயிற்றிய ஜோ வுட் என்பவர். அவர் எறிந்த பந்தின் விரைவு கருதி, புகையைக் குறிக்கும் 'ஸ்மோக்கி' என்னும் அடைமொழியை மக்கள் அவர் பெயரோடு சேர்த்து வழங்கினர்.

பேஸ்பால் நம் மாணவர்க்குப் பழக்கமில்லாத ஆட்டம். ஆதலின் அதனைப் பற்றி ஒரு சொல். கிரிக்கெட்டில் பந்து வீசுவோன் ஓடிவந்து, கையை நீட்டியபடி வீசுகின்றான். பந்து பெரும்பாலும் தரையிற்பட்டு எழுகின்றது. பேஸ்பாலிலோ எறிவீரன் ஒரு சிறு மேட்டின்மீது நின்று, 60 அடி 6 அங்குலத்திற்கு அப்பாலுள்ள இலக்கை நோக்கி, கல்லெறிவது போல முழங்கையை மடக்கி, உடல் வலிமை முழுவதையும் செலுத்தி எறிகின்றான். ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்கு மேலும் அவ்வாறு எறிய நேரும். அவ்விசையைத் தாங்குவன தோளும் முழங்கையுமே. ஆகவே, எறிவீரனது புகழ் முழுவதும் ஒரு மூட்டின் நலத்தைப் பற்றியே நிற்பது.

வுட் 1889-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பிறந்தார். பதினாறு வயதளவில், பெண்கள் அணி என்ற பெயரோடு ஊர் ஊராகச் சென்று ஆடிய ஒரு குழுவில், பெண்ணுடை தரித்த சிறுவருள் ஒருவராய்ச் சேர்ந்து ஆடிப் பொருள் பெற்றார். இதனை முதுமையில் அவரே நகைச்சுவையோடு கூறியிருக்கின்றார். 1908-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியிற் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளில் அவர் புகழ் உச்சியை எட்டியது. 1912-இல் அவர் எறிந்து வென்ற ஆட்டங்கள் 34, தோற்றவை 5. அவ்வாண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், பாஸ்டனில் புதிதாய் எழுந்த ஃபென்வே பார்க் மைதானத்தில், வாஷிங்டன் அணியின் பேரெறிவீரர் வால்டர் ஜான்சனை அவர் எதிர்த்து நின்றார். இருக்கைகள் போதாமல் மக்கள் ஆடுகளத்தின் ஓரத்திலேயே நெருங்கி நின்றனர். ஒன்றுக்குச் சுழி என்ற கணக்கில் வுட் வென்றார். அவ்விலையுதிர் காலத்து உலகத் தொடர்ப் போட்டியிலும் மூன்று ஆட்டங்களை வென்று தந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

அடுத்த ஆண்டிலேயே விதி திரும்பியது. ஈரப்புல்லிற் சறுக்கி விழுந்ததில் எறியும் கையின் பெருவிரல் முறிந்தது. அது முற்றும் ஆறுவதற்கு முன் மீண்டும் எறியத் தொடங்கினார். அதன்பின் தோளில் நோவு குடிகொண்டது. அந்நோவோடும் 1915-இல் 15 ஆட்டங்களை வென்று, ஒன்பது சுற்றுக்குச் சராசரி 1.49 ஓட்டங்களே விட்டுக்கொடுத்து, அமெரிக்கன் லீக்கில் முதல்வராய் நின்றார். ஆயினும் 1916-ஆம் ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. எறிவீரர் ஸ்மோக்கி ஜோவின் கதை அங்கே ஏறக்குறைய முடிந்தது.

ஜோ வுட் என்னும் மனிதரின் கதை முடியவில்லை. நண்பர் டிரிஸ் ஸ்பீக்கர் ஆடிய கிளீவ்லாந்து அணிக்கு 1917-இற் சென்று, எறிவதைக் கைவிட்டு, வெளிக்களத்தில் நின்று பந்து பிடிக்கவும் மட்டை பிடித்து அடிக்கவும் புதிதாகப் பயின்றார். 1920-இல் உலகத் தொடரை வென்ற அணியில் இடம் பெற்றார். 1922-இல் தம் மட்டையடியால் 92 ஓட்டங்கள் ஈட்டித் தந்தார். அதன்பின், மனைவி மக்களோடு ஓரிடத்தில் அமர்ந்து வாழ விரும்பி, யேலின் அழைப்பை ஏற்றார்.

யேல் என்னும் பெயர் சென்னைக்கு அயலானதன்று. 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராயிருந்த எலிஹு யேல் அளித்த நன்கொடைக்காகவே, 1718-இல் அக்கல்லூரி அவர் பெயரை ஏற்றது. அவர் பொருளீட்டிய வழிகள் யாவும் தூயவை என்று கூறுதற்கில்லை. எனினும் இவ்வூர்ச் செல்வத்தின் ஒரு பகுதி அங்கே கல்வியாய் முளைத்தது உண்மை.

அக்கல்லூரியில் வுட் 1923-இல் முதலாண்டு மாணவர்க்கும், 1924 முதல் 1942 வரை பல்கலைக்கழக அணிக்கும் பயிற்சியாளராயிருந்தார். 1926-ஆம் ஆண்டின் இறுதியில், 1919-இல் நடந்த ஆட்டமொன்றில் பந்தயம் கட்டியதாக ஸ்பீக்கர் முதலியோர்மீது எழுந்த வழக்கில் அவர் பெயரும் அடிபட்டது. யேல் அவரை விலக்கவில்லை. அவரிடம் பயின்றோருள் அவர் மைந்தர் ஜோவும் ஒருவர். அம்மைந்தர் 1944-இல், தந்தை புகழ் பெற்ற அதே பாஸ்டன் அணிக்காக மூன்று ஆட்டங்களில் எறிந்தார். தந்தையின் தோளைத் தின்ற தொழிலையே மைந்தரும் மேற்கொண்டபோது, அத்தந்தையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

நாம் இவ்வரலாற்றில் ஈடுபட்டதற்குக் காரணம் உண்டு. நாமும் இளமையில் கிரிக்கெட்டுப் பந்து வீசியவர். தோள் மூட்டுத் தளர்ந்தமையால் இருபத்து மூன்றாம் வயதில் நிறுத்தியவர். இப்போது மாலை வேளைகளில் மைதானத்து ஓரம் நின்று இளைஞர்க்குப் பந்துவீச்சுப் பழக்குகின்றோம். "தோள் நோகின்றதா, தம்பி?" என்று கேட்டால், "இல்லை, ஐயா" என்பதே விடை. அவ்விடையின் பொருள் நமக்குத் தெரியும்: நோவு உண்டு, ஆனால் அணியினின்று நீக்கிவிடாதீர் என்பதே அது. பந்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவனை நிழலில் அமரச் செய்யும்போது அவன் முகம் வாடுகின்றது. அவ்வாட்டத்தைப் பொறுத்துக்கொள்வதும் ஆசிரியர் கடமையே. 34 ஆட்டம் வென்ற கை நமக்கு இருந்ததில்லை. எனினும், எறிய இயலாத கையோடு எறிவதைக் கற்பிக்கும் நிலையில் உள்ள துயரமும் இனிமையும் ஒருவாறு நமக்கும் விளங்கும். முதலில் பொறாமை போன்ற ஒன்று உள்ளத்தை உறுத்தும். நாள் செல்லச் செல்ல, அவன் பந்து நேரே சென்று குச்சியைச் சாய்க்கும் ஓசையில் நம் தோளின் நோவு மறந்துபோகும்.

1981-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், யேல் மைதானத்தில், யேல் மாணவர் ரான் டார்லிங்கும் செயிண்ட் ஜான்ஸ் மாணவர் ஃபிராங்க் வயோலாவும் எதிரெதிராய் எறிந்தனர். டார்லிங் பதினொரு சுற்றுவரை எதிரணிக்கு ஓர் அடிகூட வாய்க்காமற் காத்து, பன்னிரண்டாம் சுற்றில் ஒன்றுக்குச் சுழி என்று தோற்றார். 91 வயதான வுட், எழுத்தாளர் ராஜர் ஏஞ்சலின் அருகே அமர்ந்து அதனைக் கண்டார். 1912-இல் தாம் வென்ற அதே கணக்கில் ஓர் இளைஞன் தோற்பதை அம்முதியவர் கண்களிற் காண எத்தனைபேர் விரும்பியிருப்பர்!

கல்லூரியிற் பயின்று பட்டம் பெறாத அவருக்கு, 1985-ஆம் ஆண்டு ஜனவரியில் யேல் மதிப்பியல் டாக்டர் பட்டம் வழங்கியது. அதைப் பெற்றபோது அவர் கண்ணீர் உகுத்தார். அவ்வாண்டு ஜூலை 27-ஆம் நாள், 95-ஆம் வயதில் காலமானார். அவர் தோளின் வலிமை ஏழெட்டு ஆண்டுகளே நின்றது. அத்தோளின் நோவு தந்த அறிவோடு இருபது ஆண்டுகள் பிறர் தோள்களைக் காத்து நின்றார். மாணவ நண்பர்களே, உங்கள் பந்தை வாங்கிக்கொண்டு உங்களை நிழலில் அமரச் சொல்லும் ஆசிரியர் எவரேனும் இருப்பின், அவர்மீது சினவாதீர்.