கொடியும் நாமும்

ஆகஸ்டு 14ஆம் நாள் மாலையில் அலுவலக இரும்பு அலமாரியைத் திறந்து, மறுநாள் ஏற்ற வேண்டிய தேசியக் கொடியை எடுத்துப் பார்ப்பது எங்களைப் போன்ற மத்திய அரசு எழுத்தர்களின் கடமைகளுள் ஒன்று. சாயம் வெளுத்துள்ளதா, ஓரத் தையல் பிரிந்துள்ளதா, கயிறு உறுதியாக உள்ளதா என்று நோக்குவோம். 1947 ஜூலை 22இல் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட கொடி அது. நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு. நடுவில் 24 ஆரங்கள் கொண்ட சக்கரம். அதனினும் உயரத்தில் வேறு கொடி இருத்தல் ஆகாது, கிழிந்ததை ஏற்றலாகாது. கொடியை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு விதிகள் நிரம்ப உண்டு. அதன் கீழ் நிற்கும் மனிதர் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதை எந்த விதிப்புத்தகத்திலும் நாங்கள் கண்டதில்லை. அதைக் கற்றது அலுவலகத்திற்கு வெளியே, நாங்கள் பிழைக்க வந்த பெங்களூரில்.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மஞ்சளும் சிவப்புமான கன்னடக் கொடியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1960களில் ம. ராமமூர்த்தி என்னும் கன்னடப் பற்றாளர் உருவாக்கிய கொடி அது. மஞ்சளும் குங்குமமும் அதன் நிறங்கள். நம் வீட்டுப் பூசை மாடத்தின் நிறங்களும் அவையே. நவம்பர் முதல் நாள், 1956இல் மாநிலம் ஒன்றிணைந்ததைக் கொண்டாடும் ராஜ்யோத்சவத்தன்று, தெருமுனைதோறும் ஆட்டோ நிறுத்தந்தோறும் அது பறக்கும். ஆயினும் நம்முள் பலர் அக்கொடியை முதன்முதலில் உற்றுநோக்கியது திருநாளில் அன்று, கலவர நாளில்.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதையொட்டி நகரில் கலவரம் மூண்டபோது, நாங்கள் பள்ளிப் பிள்ளைகள். வீட்டு முகப்பில் எங்கள் தந்தையாரின் பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதப்பட்ட சிறு பலகை ஒன்று இருந்தது. அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, தந்தையார் திருப்புளியால் அப்பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து அரிசிப் பானைக்குப் பின்னே வைத்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவ்வாண்டு அல்சூரில் திறக்கப்படவிருந்த திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டே நின்றது. 2009 ஆகஸ்டு 9இல் இரு மாநில முதல்வர்களும் ஒரே மேடையில் நின்று அதைத் திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. வள்ளுவர் முகத்தைக் கண்ட நாளில் எங்கள் தந்தையார் அப்பலகையைத் தேடினார். அது கிடைக்கவில்லை.

2016 செப்டம்பர் 12ஆம் நாள் மீண்டும் அதே காவிரி, மீண்டும் தீ. தமிழகப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிவதைத் தொலைக்காட்சியில் கண்டோம். இம்முறை குடும்பத் தலைவர் என்ற இடத்தில் நாங்கள் இருந்தோம். முந்தைய ஆண்டு ராஜ்யோத்சவத்தில் பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த கன்னடக் கொடி நினைவுக்கு வந்தது. அதனை எடுத்து வாயிற்கதவின் கம்பியில், தெருவிற்கு நன்கு தெரியும்படி கட்டினோம். கட்டிய கைகள் நடுங்கின. “அப்பா, இன்றைக்கு என்ன விழா?” என்று பிள்ளை கேட்டான். எங்களிடம் விடையில்லை.

அடுத்த வீட்டில் தனியே வாழ்ந்த முதிய கன்னட அம்மையாரை நாங்கள் ‘அஜ்ஜி’ என்றே அழைப்போம். சிறிது நேரத்தில் அவர் தடியூன்றி எங்கள் வாயிலில் வந்து நின்றார். கொடியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்று ராஜ்யோத்சவமா?” என்றார் கன்னடத்தில்.

நாங்கள் பேசாது நின்றோம்.

“பயத்திற்குக் கொடி கட்டாதே அப்பா. பண்டிகைக்குக் கட்டு” என்று கூறித் தாமே அதை அவிழ்த்தார், மடித்து எங்கள் கையில் கொடுத்தார். பின்னர் எங்கள் திண்ணையில் நாற்காலி போடச் சொல்லி, இருட்டும்வரை அங்கேயே அமர்ந்திருந்தார். நவம்பர் பிறந்ததும் அக்கொடியை நாங்களே கட்டினோம். அவ்வமயம் கைகள் நடுங்கவில்லை.

இதனோடு முடிந்திருந்தால் இதனை எழுத வேண்டிய தேவை இராது. எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தில் ஒருமுறை ஜனவரி 26ஆம் நாளன்று ஆண்டு விழாவும் குடியரசு நாளும் சேர்த்துக் கொண்டாட ஏற்பாடாயிற்று. காலையில் கொடியேற்றம், மாலையில் கலை நிகழ்ச்சி. நிரலில் தமிழ்த்தாய் வாழ்த்து, கன்னட நாட்டுப்பண், இறுதியில் தேசிய கீதம். விழாக்குழுவில் ஒருவர், “நம் விழாவில் அவர்கள் பாட்டு எதற்கு?” என்றார். மற்றொருவர், “இருக்கட்டும் ஐயா, அதைப் பாடினால்தான் நமக்குத் தொல்லை வராது” என்றார். பின்னவர் கருத்தே வென்றது. இரண்டு காரணங்களுமே தவறு என்பது அஜ்ஜியின் திண்ணையருகே பாடம் படித்த எங்களுக்குத் தெரியும். ஆயினும் அவையில் வாய் திறந்தோமில்லை. அந்த மௌனத்தையே இம்மலரின் வாயிலாக இன்று ஒப்புக்கொள்கிறோம்.

மாலையில் அஜ்ஜியை அழைத்துச் சென்று முன்வரிசையில் அமர்த்தினோம். தமிழ்த்தாய் வாழ்த்தை நம் பிள்ளைகள் கணீரென்று பாடினர். கன்னடப் பாடல் தொடங்கிற்று. ஒத்திகை நடத்தியவர் எவருமிலர். இரண்டாம் அடியிலேயே குரல்கள் தேய்ந்தன. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். அரங்கில் ஒரு குரல் மட்டும் தளராது பாடி முடித்தது. அது முன்வரிசையில் தடியூன்றி எழுந்து நின்ற அஜ்ஜியின் குரல். வீடு திரும்பும் வழியில் அவர் குறை கூறவில்லை. “பிள்ளைகளை நாளை என்னிடம் அனுப்பு, சொல்லித் தருகிறேன்” என்று மட்டும் சொன்னார். 2016இல் கதவுக் கம்பியில் நாங்கள் கட்டியதும், அவ்விழாவில் மன்றம் பாடியதும் ஒன்றே என்று அப்போது உணர்ந்தோம். இரண்டும் வாழ்த்தல்ல, கவசம்.

அவ்விரு பாடல்களின் பொருளையும் எண்ணிப் பார்ப்போம். சுந்தரனார் 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் வாழ்த்துப் பாடலும், குவெம்பு இயற்றி 2004இல் கருநாடக அரசு நாட்டுப்பண்ணாக ஏற்ற பாடலும் பாரதத்தை முதலில் சொல்லிய பின்னரே தத்தம் மண்ணைச் சொல்கின்றன. 1970இல் தமிழக அரசு சுந்தரனாரின் பாடலை ஏற்றபோது, கன்னடம் முதலிய மொழிகள் தமிழிலிருந்து தோன்றின என்னும் பொருள்பட அமைந்த அடிகளைப் பாடும் பகுதியில் சேர்க்கவில்லை. அயல்மொழியார் மனம் நோகாமல் நம் தாயைப் போற்ற இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. இத்துணைப் பக்குவமான பாடல்களை வைத்துக்கொண்டுதான் நாம் சச்சரவிடுகிறோம். 2023 ஏப்ரலில் சிவமொக்காவில் தமிழ் வாக்காளர்களுக்கென நடந்த தேர்தல் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து பாதியில் நிறுத்தப்பட்டது. 2025 ஜனவரியில், தேசிய கீதம் எப்போது இசைக்கப்பட வேண்டும் என்ற வேற்றுமையால் தமிழக ஆளுநர் உரை நிகழ்த்தாமலே சட்டப்பேரவையிலிருந்து வெளியேறினார். எப்பாட்டு முன், எப்பாட்டுப் பின் என்பதே வழக்காகிவிட்டது.

நம் உச்ச நீதிமன்றம் இவ்வகையில் இரு நல்ல தீர்ப்புகளை வழங்கியிருக்கிறது. கேரளத்தில், தேசிய கீதம் ஒலிக்கையில் மரியாதையுடன் எழுந்து நின்றும் தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடாதிருந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களை மீண்டும் சேர்க்குமாறு 1986இல் நீதிமன்றம் ஆணையிட்டது. 2004இல், குடிமகன் தேசியக் கொடியை மதிப்புடன் பறக்கவிடுவது அவனது கருத்து வெளிப்பாட்டு உரிமையைச் சார்ந்தது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை புலனாகிறது. கொடியும் கீதமும் உள்ளத்திலிருந்து வெளிப்பட வேண்டியவை. பிறர் அச்சுறுத்திப் பெறும்போது அவை தம் பொருளை இழக்கின்றன. நாம் அஞ்சிக் கொடுக்கும்போதும் அவ்வாறே.

ஆகவே வேற்று மாநிலத்தில் விழா எடுக்கும் மன்றத்தார்க்கு எங்கள் விண்ணப்பம் எளியது. நம்மை வாழவைக்கும் மண்ணின் பாடலை நிரலில் சேர்ப்பதாயின், பிள்ளைகளுக்கு அதன் பொருளைச் சொல்லிப் பயிற்றிய பின் சேர்ப்போம். அயலாரை அழைத்தால் காவலுக்கென்று அழையாது உறவென்று அழைப்போம். நம் தெருவில் கொடி கட்டாத வீட்டைக் கண்டால், அவ்வீட்டாரின் பற்றை அளக்கப் புறப்படாதிருப்போம். 1991இல் பெயர்ப்பலகையைக் கழற்றிய வீடும் அப்படித்தான் வெறிச்சென்று இருந்தது.

ஆகஸ்டு 15 மாலை, சூரியன் மறையுமுன் கொடியை இறக்கி மடிப்பதும் எங்கள் பணியே. அதற்கும் முறையுண்டு. காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடிக்க வேண்டும். பின் இரு பக்கங்களையும் உள்ளே மடித்துச் சக்கரம் மேலே தெரியுமாறு உள்ளங்கைகளில் ஏந்திச் செல்ல வேண்டும். முறையை அலுவலகம் கற்பித்தது. அன்று அஜ்ஜி அந்தச் சிறு கொடியை அவிழ்த்து மடித்து எங்கள் கையில் கொடுத்த பொறுமையோ இன்னும் கைவரவில்லை. அவர் இப்போது இல்லை. அவர் கற்றுத் தந்த பாடலை எங்கள் பிள்ளை மறக்கவில்லை.