தாழ்வாரத்து விளக்கு

இரவில் அம்மா எழுந்து நடந்தால் தாழ்வாரத்து விளக்குத் தானே எரியவேண்டும். அதற்காகத் தம்பி வீடு முழுவதும் ஸிக்பீ விளக்குகளைப் பொருத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

விளக்கு சில இரவுகளில் எரிந்தது. பல இரவுகளில் எரியவில்லை. ஒருநாள் இருட்டில் அம்மா தூணில் மோதிக்கொண்டாள். நெற்றி வீங்கிவிட்டது.

நான் துப்பறியப் புறப்பட்டேன். வைஃபையும் ஸிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே தெருவில் நடமாடுகிறவை, ஒன்றையொன்று இடித்துக்கொள்ளலாம். சானலை மாற்றினேன். ரௌட்டரைத் தள்ளி வைத்தேன். அலைகளை மறைக்குமென்று இரும்புப் பீரோவையும் நகர்த்தினேன். முதுகு பிடித்துக்கொண்டதுதான் லாபம்.

தம்பியிடம் போனில் புலம்பினேன்.

"கூடத்து விளக்கின் சுவிட்சை யாராவது அணைக்கிறீர்களா?" என்றான்.

ஸிக்பீ விளக்கு எரியாமல் இருக்கலாம். ஆனால் சுவிட்ச் போட்டபடியே இருக்கவேண்டும். அப்போதுதான் தனக்கு வந்த சேதியை அடுத்த விளக்குக்குக் கொடுக்கும். எங்கள் வீட்டில் தாழ்வாரத்துக்குச் சேதி போனது கூடத்து விளக்கின் வழியாக.

அணைத்தவள் அம்மா. ஐம்பது வருஷமாகப் படுக்குமுன் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து, அந்தச் சிக்கனத்தில் எங்களைப் படிக்கவைத்தவள். அவள் மறந்து தூங்கிய இரவுகளில்தான் விளக்கு எரிந்திருக்கிறது!

விஷயத்தைச் சொன்னேன். நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"விளக்குக்கு விளக்கு சேதி சொல்லுதுங்கறே. எனக்கு ஒரு வார்த்தை சொல்ல உங்க ரெண்டு பேருக்கும் தோணலையேடா?"