தாய்மாமன் சீர்

நம் தாலாட்டுப் பாடல்களில் தாய்மாமனுக்குத் தனி இடம் உண்டு. பொன்னால் தொட்டில் கட்டுவான், வெள்ளியில் கொலுசு கொண்டு வருவான் என்றெல்லாம் அவன் பெருமை பேசப்படும். என் அக்காவின் குழந்தைக்கு நான்தான் தாய்மாமன். என்னிடம் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. பேருந்துப் பயண அட்டையும் விலங்கியல் செய்முறைப் பதிவேடும்தான் உண்டு. ஆகவே என் மருமகளுக்கு ஒரு படப் புத்தகம் செய்து கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

இந்த எண்ணம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வீட்டில் ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்ற நிலை வந்தபோது, அவள் தையல் இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். பேறுகாலத்திற்கு எங்கள் வீட்டிற்கு வந்தவள், குழந்தைக்கு ஆறு மாதம் ஆன நிலையில் மீண்டும் ரவிக்கை தைக்கத் தொடங்கிவிட்டாள். பகலெல்லாம் தையல். இரவில் குழந்தை இரண்டு மூன்று முறை விழித்துக்கொள்ளும். அம்மாவுக்குத் தாலாட்டு தெரியும். ஆனால் வயல் வேலைக்குப் போய்த் திரும்பும் அம்மா எட்டு மணிக்கே கண்ணயர்ந்துவிடுவாள். அக்காவுக்கோ பாட்டு வராது.

ஓர் இரவு பதினொரு மணி இருக்கும். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் கையிலிருந்த கைப்பேசியில் ஏதோ பொம்மைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் குழந்தையின் கண்கள் அகல விரிந்திருந்தன. அக்காவின் கண்கள் மூடியிருந்தன. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் நான் எழுதியது இருபத்து நான்கு பக்கக் கதை. சிங்கம், முயல், முடிவில் ஒரு நீதி. எதுகை மோனையெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டேன். வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைந்தேன். அக்கா இரண்டு பக்கம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “தம்பி, இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு விடிஞ்சிரும்டா” என்று சிரித்தாள். குழந்தையோ முதல் பக்கத்தை வாயில் வைத்துக்கொண்டது. உதடெல்லாம் நீல மை. அம்மா என்னைத் திட்டிய திட்டு தெருக்கோடி வரை கேட்டது.

எங்கள் ஆங்கிலப் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் ‘குட்நைட் மூன்’ என்னும் அமெரிக்கப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். 1947-இல் மார்கரெட் வைஸ் பிரவுன் எழுத, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைந்தது. அதில் கதை என்று ஒன்றும் இல்லை. படுக்கையில் இருக்கும் ஒரு குட்டி முயல். அறையிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் இரவு வணக்கம். பக்கம் புரளப் புரள அறை மெல்ல இருண்டுகொண்டே போகும். மொத்தம் ஏறத்தாழ 130 சொற்கள்தான். நியூயார்க் பொது நூலகம்கூட 1972 வரை அதை வாங்கி வைக்கவில்லையாம். எளிமைக்கு மதிப்புக் கிடைக்க எவ்வளவு காலம் ஆகிறது, பாருங்கள்!

பிறகு என் பாடத்தின் பக்கம் திரும்பினேன். பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தூரம்தான். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. கறுப்பும் வெள்ளையும் அருகருகே இருந்தால் இளங்குழந்தையின் கண் எளிதில் பற்றிக்கொள்ளும். காதோ கருவிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1986-இல் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்மார்களை ஒரே கதையை நாள்தோறும் உரக்கப் படிக்கச் செய்தார்கள். பிறந்த சில நாட்களிலேயே குழந்தைகள் அந்தக் கதையைக் கேட்பதையே விரும்பின. குழந்தைக்குப் பொருளா தெரியும்? பழகிய ஓசைதான் அதற்குத் துணை.

அப்போதுதான் என் தவறு விளங்கியது. நான் குழந்தையை நினைத்து எழுதினேன், படிக்கப்போகிறவளை நினைக்கவில்லை. பாதி உறக்கத்தில், மங்கிய விளக்கில், முதுகு வலியோடு வாசிப்பவளுக்கு ஒரு பக்கத்திற்கு ஒரு மூச்சுக்கு மேல் இருக்கக் கூடாது.

மறுபடியும் எழுதினேன். “காகம் துயில்கிறது” என்று தொடங்கினேன். “துயில்கிறதுன்னா யாருடா?” என்றாள் அக்கா. “காக்கா தூங்குது” என்று மாற்றினேன். காகிதம் வேண்டாம், துணியில் செய்யலாம் என்பதும் அவள் யோசனைதான். கிழியாது, அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். ரவிக்கைக்கு உள்ளே வைக்கும் வெள்ளைத் துணியில் மூன்று துண்டுகளை மடித்து நடுவில் தைத்தாள். முன் அட்டை, பின் அட்டை போக உள்ளே பத்துப் பக்கம். கறுப்புத் துணியில் காக்கா, ஆடு, கோழி, குடம், செருப்பு எல்லாம் வெட்டி ஒட்டுத் தையல் போட்டாள். கண்ணுக்குப் பொத்தான் வைக்கப் போனவளை, குழந்தை பிய்த்து விழுங்கிவிடும் என்று நான் தடுத்தேன். நான் பென்சிலால் எழுதிய எழுத்துகளின் மேல் அவள் நூலோட்டினாள். பள்ளியை விட்ட பிறகு அவள் இவ்வளவு எழுத்துகளை எழுதியது அன்றுதான்.

“ஆடு தூங்குது. கோழி தூங்குது. மெஷினும் தூங்குது.” ஒன்பதாம் பக்கத்தில் பாப்பா தூங்கியது. அத்துடன் கதை முடிந்தது என்று பத்தாம் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அக்கா அதைப் புரட்டிப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் தூங்க வெச்சுட்ட. அம்மாவ மட்டும் விட்டுட்டியேடா.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பதில் வரவில்லை. பென்சிலை எடுத்து, “அம்மாவும் தூங்குறா” என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் அவளுக்குப் புத்தகம் மனப்பாடம் ஆகிவிட்டது. இப்போது விளக்குக்கூட வேண்டியதில்லை. இருட்டிலேயே பக்கம் புரட்டிச் சொல்கிறாள். பாட்டு வராது என்றவளின் குரலில் ஒரு ராகமும் வந்து சேர்ந்திருக்கிறது. குழந்தை எல்லா நாளும் உடனே தூங்கிவிடுவதில்லை. சில இரவுகளில் மூன்று முறை படித்தும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள். போன வாரம் ஓர் இரவு ஏழாம் பக்கத்தோடு குரல் நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். அக்கா உறங்கிவிட்டாள், என் மருமகள் புத்தகத்தின் முனையைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, மீதி மூன்று பக்கங்களையும் மெல்லச் சொன்னேன்.

நண்பர்களே, இதைத் தாய்மாமன் சீர் என்று பெருமையாகத்தான் தொடங்கினேன். துணி அவளுடையது, தையல் அவளுடையது, கடைசிப் பக்கமும் அவளுடையது. எனக்காக அவள் மூடி வைத்த புத்தகங்களுக்கு ஈடாக நான் கொடுக்க முடிந்தது இந்தப் பத்துப் பக்கம். இதைச் சீர் என்று சொல்ல இப்போது மனம் வரவில்லை. பழைய கடனில் முதல் தவணை என்று வைத்துக்கொள்கிறேன்.