பாட்டியின் முறுக்கு அச்சு

தீபாவளிக்கு இன்னும் நான்கு வாரங்களே இருந்தன. ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் நகரில் உள்ள ஒரு வரிசை வீட்டில், எழுபத்திரண்டு வயதுப் பாட்டி முறுக்கு அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, அதைத் துணியில் சுற்றி மீண்டும் அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

"இந்த வருஷம் முறுக்கு சுட வேண்டாம்மா. கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்," என்றார் மருமகளிடம்.

வீட்டில் யாரும் உடனே பதில் பேசவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பாட்டியின் முறுக்கு அண்டை வீட்டு மலாய்க்காரர், சீனர் வீடுகளுக்கெல்லாம் தட்டுத் தட்டாகப் போகும். அதைச் சுடுவது பாட்டிக்கு வெறும் வேலையன்று. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஓர் இடம். அந்த இடத்தை அவரே காலி செய்கிறார் என்றால், வலி தாங்க முடியாததாகத்தான் இருக்க வேண்டும்.

பாட்டியின் கைகள் ஓய்வறியாதவை. இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். விடியுமுன் உளி பிடித்த கை, வீடு திரும்பியதும் அம்மியில் மிளகாய் அரைக்கும், ஆட்டுக்கல்லில் மாவாட்டும், துணியைப் பிழியும். இப்போது அந்த மணிக்கட்டுகள் காலையில் எழும்போதே விறைத்துக்கொள்கின்றன.

நான்காம் படிவத்தில் பயிலும் பேத்திக்கு மனம் கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லி, மின்சாரத்தில் இயங்கும் அச்சு ஒன்றை இணையத்தில் வாங்கச் செய்தாள். பெட்டியைப் பிரித்தபோது எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆனால், பாட்டி பிசைந்த கெட்டி மாவு அதன் குழாயில் சிக்கிக்கொண்டது. இயந்திரம் முனகியதே தவிர, முறுக்கு வரவில்லை. அதைக் கழற்றிக் கழுவவே அரை மணி நேரம் ஆயிற்று. "நல்ல பொருள்தான்," என்று பாட்டி பேத்தியின் மனம் நோகாமல் சொன்னார். மறுநாள் அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் பேத்திக்கு ஓர் உண்மை உறைத்தது. கருவியைத் தேடினாளே தவிர, பாட்டியின் வேலையை அவள் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் (1878–1972) என்ற பொறியியலாளர் இருந்தார். உளவியல் கற்ற அவர் ஒரு பெரிய குடும்பத்தின் தாயும்கூட. தொழிற்சாலையிலும் சமையலறையிலும் மனிதர்கள் எத்தனை முறை குனிகிறார்கள், நடக்கிறார்கள், கையை நீட்டுகிறார்கள் என்பதை ஆராய்வதே அவருடைய பணியாக இருந்தது. காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும் குளிர்பதனப் பெட்டிக் கதவின் உட்புறத் தட்டுகளும் அவருடைய சிந்தனையில் உருவானவை என்பர். வேலையைப் பார்த்த பிறகே கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதே அவரிடம் நாம் கற்கும் பாடம்.

ஒரு சனிக்கிழமை, பேத்தி குறிப்பேட்டுடன் சமையலறையில் அமர்ந்தாள். பாட்டியின் கை எப்போதெல்லாம் தயங்குகிறது என்று எழுதினாள். ஊறுகாய்ப் புட்டியைத் திறக்கும்போது, தரை துடைத்த துணியைப் பிழியும்போது, பழைய மர அச்சின் இரு பிடிகளையும் உள்ளங்கைகளால் அழுத்தும்போது எனப் பட்டியல் நீண்டது. எழுதி முடித்துப் படித்தபோது காரணம் தெளிவாயிற்று. நடப்பதும் நிற்பதும் பாட்டிக்குத் துன்பமில்லை. இறுகப் பிடித்து முறுக்குவதும் பலமாக அழுத்துவதுமே அவருக்கு வலி தந்தன.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாகியது. புட்டி மூடியின்மேல் இரப்பர்க் கையுறையை வைத்துத் திருகினால், உராய்வு கூடுவதால் மூடி கையில் வழுக்காது. இறுகப் பிடிக்கத் தேவையில்லை. இதற்குச் செலவே இல்லை. தரை துடைக்க, நீண்ட பிடியும் காலால் மிதித்தால் சுழன்று நீரைப் பிழிந்துவிடும் வாளியும் கொண்ட துடைப்பான் இரவுச் சந்தையிலேயே கிடைத்தது. முறுக்குக்கு மட்டும் பட்டணத்துப் பாத்திரக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே, தலைப்பகுதியில் கைப்பிடியுடன் கூடிய பித்தளைத் திருகு அச்சு ஒன்றை வாங்கினாள். அதற்கு மின்சாரம் வேண்டாம்.

திருகு அச்சு எப்படி வேலையை எளிதாக்குகிறது? திருகாணி என்பது, ஓர் உருளையைச் சுற்றி வளைக்கப்பட்ட சாய்தளமே. கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், உள்ளிருக்கும் தட்டு ஒரு புரியின் இடைவெளி அளவே கீழிறங்கும். கை நெடுந்தூரம் சுற்றி வருகிறது. தட்டு சிறிது தூரமே நகர்கிறது. ஆகவே, கை தரும் சிறு விசை, மாவின்மேல் பெரு விசையாக விழுகிறது. செய்ய வேண்டிய வேலை குறைவதில்லை. அது பல சுற்றுகளாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அவ்வளவுதான்.

இத்தகைய மாற்றத்தைத் தமிழர் சமையலறை முன்பே கண்டிருக்கிறது. ஆட்டுக்கல்லில் கல் அசையாமல் இருக்கும். குழவியைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு வேளை இட்லிக்கு மாவாட்டப் பெண்கள் நெடுநேரம் தரையில் அமர்ந்திருந்தார்கள். 1955ஆம் ஆண்டில், கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதில் முறை தலைகீழானது. மின்விசைப் பொறி கல்லைச் சுழற்றியது. குழவி ஓரிடத்தில் நின்றது. நீர் இறைக்கும் பொறிகளுக்கும் மின்விசைப் பொறிகளுக்கும் பெயர்பெற்ற அந்நகரில் இத்தொழில் வேரூன்றி வளர்ந்தது. இன்று 'கோயம்புத்தூர் மாவரைப்பான்' புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்றாகும். மலேசியத் தமிழர் வீடுகளிலும் 'கிரைண்டர்' என்று அழைக்கப்படும் அதே பொருள்தான் அது.

"அது வந்த புதிதில், இதில் அரைத்தால் இட்லி ருசிக்காது என்று நானே சொன்னேன்," என்று பாட்டி சிரித்தார். "இப்போது ஆட்டுக்கல்லில் பூச்செடி வைத்திருக்கிறேன்."

புதிய அச்சில் முதல் நாள் சோதனை நடந்தது. மாவு தடையின்றி இறங்கியது. ஆனால், கைப்பிடியைச் சுற்றும்போது அச்சின் உடற்பகுதியும் சேர்ந்து சுழன்றது. அதை மற்றொரு கையால் இறுகப் பிடித்தாக வேண்டும். பாட்டியின் முகம் சுருங்கியது. பேத்தி செய்வதறியாது நின்றாள்.

கூடத்தில் கைப்பேசியில் மூழ்கியிருந்த தம்பியை அம்மா அழைத்தார். "வா, இதைப் பிடி. பாட்டி சுற்றட்டும்."

"முறுக்கு சுடுவதா? அது பெண்கள் வேலை இல்லையா?" என்றான் அவன்.

"தின்பது மட்டும் யார் வேலை?" என்று பாட்டி கேட்டார்.

அவன் வெட்கத்துடன் வந்து, ஈரத்துணியைச் சுற்றி அச்சைப் பிடித்துக்கொண்டான். பாட்டி விரல் நுனிகளாலேயே கைப்பிடியைச் சுற்றினார். எண்ணெய் தடவிய தாளின்மேல் முதல் முறுக்கு கோணலாக விழுந்தது. இரண்டாவது சற்று வட்டமானது. பத்தாவது முறுக்குக்குள் அவன் கையை எந்த வேகத்தில் நகர்த்த வேண்டும் என்று கற்றுக்கொண்டான். மாவின் பதம், ஓமத்தின் அளவு, எண்ணெய் காய்ந்ததை அறியும் முறை ஆகியவற்றைப் பாட்டி சொல்லச் சொல்ல, பேத்தி அதே குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிக்கொண்டாள். இதுவரை அந்த வீட்டில் எவரும் அவற்றை எழுதி வைத்ததில்லை.

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பர். கருவி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. கைக்குப் பொருத்தமானதாக இருந்தால் போதும். எனினும், எந்தக் கருவியும் வீட்டு வேலையை முழுமையாகச் சுமந்துவிடாது. அச்சைச் சுற்ற ஒரு கை வேண்டும்; பிடிக்க இன்னொரு கை வேண்டும்.

அந்தத் தீபாவளியன்றும் முறுக்குத் தட்டு அண்டை வீடுகளுக்குச் சென்றது. தட்டைத் தூக்கிச் சென்றவன் தம்பி. "பாட்டி செய்ததா?" என்று அடுத்த வீட்டு மாக்சிக் கேட்டார்.

"பாட்டியும் நானும்," என்றான் அவன்.