ஸ்டோர் ரூமில் ஒரு துறைமுகம்!

ஊட்டி, கொடைக்கானல்னு டூர் பேக் எடுத்துட்டு வந்திருந்தா சாரி. இந்த வாரம் எங்க காலேஜ் லேப்புக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்டோர் ரூமுக்குத்தான் போறோம். செருப்பை வெளியே கழட்டிட்டு வாங்க (லேப் ரூல்!).

கதவைத் திறந்ததும் தும்மல் வரும். உடைஞ்ச கீபோர்டுகள், டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், கல்ச்சுரல்ஸ் பேனர் எல்லாத்தையும் தாண்டிப் போனா, மூலையில ஸ்டூல் மேல மானிட்டர் இல்லாத ஒரு பழைய டெஸ்க்டாப் உறுமிக்கிட்டு இருக்கும். 'ஆஃப் பண்ணாதீங்க ப்ளீஸ்'னு ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும். அதுதான் எங்க கன்டெய்னர் துறைமுகம்.

ஒரு ப்ராஜெக்டை, அதுக்கு வேண்டிய லைப்ரரி, செட்டிங் எல்லாத்தோடவும் கட்டின பார்சல்தான் கன்டெய்னர் இமேஜ். 2013-ல் டாக்கர் வந்த பிறகு, 'என் லேப்டாப்ல ஓடுச்சு சார்' என்ற சால்ஜாப்பு எடுபடுறதில்லை. இந்தப் பார்சல்களை அடுக்கி வைக்கும் கிடங்குக்குப் பேர் ரெஜிஸ்ட்ரி. ஊரே இறக்கிக்கிற பெரிய கிடங்கு டாக்கர் ஹப். 2020 நவம்பர்ல அங்கே ஒரு கட்டுப்பாடு வந்தது. லாகின் இல்லாம இறக்கினா, ஒரு ஐ.பி.க்கு 6 மணி நேரத்தில் 100 தடவைதான். கேம்பஸ் முழுக்க ஒரே ஐ.பி.யில வெளியே போனா என்ன ஆகும்? ரெண்டு கிளாஸ் சேர்ந்து லேப்ல உட்கார்ந்தாலே கோட்டா காலி!

அதான் சொந்தக் கிடங்கு. ரெஜிஸ்ட்ரியே ஒரு கன்டெய்னர்தான், 5000-ஆம் போர்ட்ல ஓடும். சர்டிஃபிகேட் இல்லாட்டி மத்த மெஷின்கள் முறைக்கும், அது தனிக்கதை. இமேஜ் லேயர் லேயரா இருக்கிறதால, நாற்பது பேர் ஒரே பைத்தான் அடித்தளத்துல கட்டினாலும் அந்த லேயர் டிஸ்க்ல ஒரே ஒரு தடவைதான் உட்காரும். எங்க கிழட்டு டிஸ்க் தாக்குப்பிடிக்கிற ரகசியம் அதுதான்.

இப்போ என் வண்டவாளம். ரெஜிஸ்ட்ரியை முதல்ல ஓட்டினப்போ வால்யூமுக்குப் பேர் வைக்காம விட்டுட்டேன். ஒருநாள் டிஸ்க் நிறையுதேன்னு அந்தக் கன்டெய்னரைத் தூக்கிட்டு, 'வால்யூம் ப்ரூன்' அடிச்சேன். அம்புட்டு இமேஜும் அவுட்!

மறுநாள் காலையில 10 மணிக்கு ஃபைனல் ரிவ்யூ. "டேய், என் இமேஜ் எங்கடா?"ன்னு ரூம்மேட் வந்து நின்னான். லேப்டாப்ல இருந்ததையும் அவன் அழிச்சிருந்தான், சர்வர்ல இருக்குங்கிற நம்பிக்கையில. டாக்கர்ஃபைல் இருக்கே, திரும்பக் கட்டிக்கலாம்னு உட்கார்ந்தோம். முதல் வரி: 'பைத்தான் லேட்டஸ்ட்'. அவன் கட்டினப்போ லேட்டஸ்ட் வேற, இப்போ லேட்டஸ்ட் வேற! அவனோட பழைய லைப்ரரி ஒண்ணு புது பைத்தான்ல ஏறவே மாட்டேன்னுடுச்சு. ஒவ்வொரு வெர்ஷனா மாத்தி மாத்தி, ஒருவழியா ஓடினப்போ மணி 3. அவன் என்கிட்ட பேச ரெண்டு நாள் ஆச்சு.

இப்போ வால்யூமுக்குப் பேர் இருக்கு, இன்னொரு டிஸ்க்ல காப்பி இருக்கு, எல்லார் டாக்கர்ஃபைல்லயும் வெர்ஷன் நம்பர் இருக்கு. மெஷின்ல ரெண்டாவதா ஒரு பேப்பர் தெரியுதா? 'ப்ரூன் அடிக்கும் முன் என்னைக் கூப்பிடவும்'. ரூம்மேட் கையெழுத்து.

வெளியே போறப்போ லைட்டை ஆஃப் பண்ணிடுங்க. லைட்டை மட்டும்!