ஜோராசாங்கோவும் டாலிகஞ்சும்

முதியோர் இன்றும் சித்பூர் சாலை என்றே வழங்கும் ரவீந்திர சரணியில், லால்பஜாரிலிருந்து வடக்கே நடந்தால், முதலில் கண்ணிற்படுவன இசைக்கருவிக் கடைகள். சிதாரும் தபலாவும் ஆர்மோனியமும் வாயில்வரை அடுக்கியிருக்கும். அவற்றைக் கடந்து துவாரகாநாத் தாகூர் சந்தில் திரும்பினால் ஜோராசாங்கோ மாளிகை. இரவீந்திரநாதர் 1861-இல் பிறந்ததும் 1941-இல் கண்மூடியதும் இங்கேதான்.

நாம் சென்றது அவ்வில்லத்தைத் தரிசிக்க மட்டும் அன்று. பள்ளியிறுதி வகுப்பிலுள்ள நம் தங்கை, "பி.காம். வேண்டாம் அண்ணா, பாட்டே படிக்கிறேன்" என்று கூறிவிட்டாள். லேக் மார்க்கெட் அருகே ஓர் அம்மையாரிடம் பத்தாண்டுகள் கர்நாடக சங்கீதம் பயின்றவள். பாட்டுப் படித்தால் சோறு கிடைக்குமா என்று தந்தையார் ஒரே கேள்வி கேட்டார். வெளியூரில் வேரூன்றிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில் எழும் கேள்வியே இது.

ஜோராசாங்கோவில் 1955-இல் மாநில அரசு தொடங்கிய நடன, நாடக, இசைக் கழகமே பின்னர் 1962-இல் மலர்ந்த இரவீந்திர பாரதி பல்கலைக்கழகத்திற்கு வித்து. பாடம் பெரிதும் நடப்பது பி.டி. சாலையிலுள்ள மரகதகுஞ்சத்தில், தாகூர் வம்சத்தாரின் பழைய தோட்ட மாளிகை அது. இந்துஸ்தானி வாய்ப்பாட்டு, இரவீந்திர சங்கீதம், வாத்தியம், தாளக்கருவி என்று தனித்தனித் துறைகள் உள. நடனத் துறையில் பரதநாட்டியமும் உண்டு. கர்நாடகப் பாட்டுக்கெனத் துறை இல்லை. நம் ஆடல் வங்கம் வந்து சேர்ந்தது. பாடல் ஏனோ வழியிலேயே தங்கிவிட்டது!

அதனை முறையாகப் பயில வேண்டின், 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலை இசைக் கல்லூரியையோ, 1949-இல் முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய சென்னைக் கல்லூரியையோ நாட வேண்டும். ஹௌராவிலிருந்து சென்னைக்கு மட்டுமே சுமார் 1,660 கிலோமீட்டர். விடுதிச் செலவு வேறு.

பட்டம் பெற்றால் வித்துவானாகி விடலாமா? விடை நகரின் தென்கோடியில், டாலிகஞ்சில் இருக்கிறது. ஐ.டி.சி. நிறுவனம் 1977-இல் அமைத்த சங்கீத ஆராய்ச்சிக் கழகத்தில் மாணாக்கர் குருவின் அருகிலேயே வசித்து, உதவித்தொகை பெற்றுச் சாதகம் செய்கின்றனர். பட்டமளிப்பு அங்கில்லை. அஜய் சக்கரவர்த்தி இரவீந்திர பாரதியில் முதுகலைப் பட்டம் பெற்ற பின்னரும் அங்குச் சென்று அமர்ந்தார். 2024-இல் மறைந்த ரஷீத் கானோ, 1980-இல் சிறுவனாகவே தம் குருவும் உறவினருமான நிசார் உசேன் கானுடன் அங்கு வந்து சேர்ந்தவர். வானொலியும் பட்டத்தைப் பார்த்துத் தரம் வழங்குவதில்லை. குரலைக் கேட்டே வழங்குகிறது.

ஆயினும் பட்டத்தை நாம் இகழோம். ஆசிரியப் பணிக்கு அது வேண்டும். நமது ரயில்வேயிலேயே பண்பாட்டு ஒதுக்கீட்டில் கலைஞர்க்குச் சில இடங்கள் உண்டு. அதற்கும் இசையில் பட்டமோ பட்டயமோ சான்றிதழோ கேட்கின்றனர். இடங்கள் மிகச் சிலவே என்பதை அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நாம் அறிவோம். மேடைக்குக் குரு, மாதச் சம்பளத்திற்குப் பட்டம் என்று தந்தையாரிடம் கூறினோம். "இரண்டுக்கும் எத்தனை ஆண்டு?" என்றார். பட்டத்திற்குரிய ஆண்டுகளை மட்டுமே நம்மால் சொல்ல முடிந்தது.

சென்னைக் கல்லூரியின் விண்ணப்பம் வந்துவிட்டது. தங்கை நிரப்பியும் வைத்தாள். தந்தையார் கையெழுத்து இன்னும் விழவில்லை.