மலை, குளம், காலேஜ்

போன வாரம் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அத்தை பையன் ப்ளஸ் டூ முடிச்சிருக்கான். அவனுக்கு பி.எஸ்ஸி. இயற்பியல் மேல ஆசை. வீட்டிலோ, கடன் வாங்கியாவது இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். "நீ சொன்னா கேப்பான்ப்பா, கொஞ்சம் புத்தி சொல்லு" என்று அத்தை பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரியைத் தாண்டி, இரண்டு பேரும் மலைக்கோட்டை ஏறினோம். உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கீழே பார்த்தால், கடைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட தெப்பக்குளம். பக்கத்திலேயே லூர்து மாதா கோயில், செயின்ட் ஜோசப் காலேஜ். 1844-ல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து, 1883-ல் திருச்சிக்கு வந்த காலேஜ்.

ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாமும், ஆத்துக்கு அந்தப்பக்கம் பாட்டி வீட்டில் வளர்ந்த ரங்கராஜனும் (நம்ம சுஜாதாதான்!) இங்கேதான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தார்கள். இன்ஜினியரிங் எல்லாம் அப்புறம், சென்னை எம்.ஐ.டி.யில். ஒருத்தர் ராக்கெட் விட்டார். இன்னொருத்தர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவாக்கினார், நடுவில் நம்மையெல்லாம் எழுத வைத்துக் கெடுத்தார் :-)

"அப்ப இன்ஜினியரிங் எங்கயும் ஓடிடாதுல்லண்ணா?" என்றான் பையன்.

"ஓடாதுடா. இந்த ஆசைதான் ஓடிடும்."

ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "அத்தே, அவன் இயற்பியலே படிக்கட்டும்."

அத்தை பதிலே சொல்லலை. எனக்கு மட்டும் அப்பளம் வரலை. ஆனா மறுநாள் காலையில, "அந்த காலேஜ்ல அப்ளிகேஷன் எப்பப்பா தருவாங்க?"ன்னு கேட்டாங்க.